பழைய ட்வின் டப் மெஷின்: சரிசெய்வதா, மாற்றுவதா, எடுத்து வைப்பதா?

"மோட்டார் போயிடுச்சுன்னு மெக்கானிக் சொல்றார், ரெண்டாயிரம் ஆகுமாம். செய்யலாமா, இல்ல எக்ஸ்சேஞ்சுல தள்ளிட்டுப் புதுசு வாங்கிடலாமா?" கடலூர், பாண்டிப் பக்கத்து வீடுகளிலிருந்து எனக்கு வரும் வாஷிங் மெஷின் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த மாதிரிதான். இப்போது கூடவே இன்னொன்றும் வருகிறது: "அம்மா காலத்து ட்வின் டப். ஓடவில்லை. எடைக்குப் போடவும் மனசு வரவில்லை. என்ன செய்வது?"

ட்வின் டப் என்றால் துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு டிரையர் என்று இரண்டு தொட்டியுள்ள செமி ஆட்டோமேட்டிக் மெஷின். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. எது பழுதாகியிருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். எது போனால் திரும்பக் கிடைக்காது என்று பாருங்கள். மோட்டார், அதைச் சுற்றத் தொடங்க வைக்கும் கண்டன்சர், டைமர், பெல்ட், ரப்பர் சீல் எல்லாம் பொதுவான அளவுகளில் இன்றும் கிடைக்கின்றன. துவைக்கும் தொட்டி, டிரையரின் உள்கூடை, டிரையர் மூடி, மேல் பேனல் இவையெல்லாம் அந்த மாடலுக்கென்றே அச்சில் வார்த்தவை. கம்பெனி நிறுத்திவிட்டால் அதோடு சரி. வீடியோகான் 2018-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. அந்தப் பெயர் போட்ட மெஷின்கள் நம் ஊர் வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றுக்கு மோட்டார் போட எந்தச் சிரமமும் இல்லை, மூடி உடைந்தால்தான் அலைய வேண்டியிருக்கிறது.

## முதலில் பார்க்க வேண்டியவை

தொட்டியும் மூடியும். துவைக்கும் தொட்டியில் பாதித் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் விடுங்கள். கீழே ஈரம் கசிந்தால் அது சீலா, வடிகால் வால்வா, விரிசலா என்று பாருங்கள். முதல் இரண்டும் சின்ன வேலை. விரிசல் என்றால் கதை வேறு. ஒட்டினாலும் துவைக்கும் அதிர்வில் மறுபடி பிளக்கும்.

அடித்தகடு. கடலோரத்தில் இதுதான் மெஷினின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. டிரையர் மோட்டார் ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கும், அந்த ஸ்பிரிங்குகள் அடித்தகட்டில் நிற்கும். தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டில், பாத்ரூம் ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்து தகட்டை உள்ளிருந்து அரித்துவிடும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், அடியில் விரலால் அழுத்தினால் பொரியும். மெஷினைச் சாய்த்துப் பாருங்கள். ஸ்பிரிங் நிற்கும் இடத்தில் ஓட்டை விழுந்திருந்தால், மோட்டாருக்குச் செலவழிக்கும் முன் நன்றாக யோசியுங்கள். அடிப்பாகம் முழுக்கப் பிளாஸ்டிக் என்றால் இந்தக் கவலை இல்லை.

தண்ணீர். மாடி டேங்க் இருக்கிறதா, அழுத்தம் எவ்வளவு, போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு. இது ஃபுல்லி ஆட்டோமேட்டிக்குக்குப் போக நினைப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது.

யார் துவைக்கிறார்கள். ட்வின் டப் என்றால் நனைந்த துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் தூக்கிப் போட வேண்டும். நனைந்த போர்வையின் கனம் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

காசு கடைசியில் வந்தால் போதும். மற்ற நாலும் தெளிவானால் காசுக் கணக்கு தானாகவே தெளிவாகும்.

| | பழையதைச் சரிசெய்தல் | புது செமி ஆட்டோமேட்டிக் | ஃபுல்லி ஆட்டோமேட்டிக் (மேல் மூடி) |
|---|---|---|---|
| கைச்செலவு, தோராயமாக | சில நூறிலிருந்து 3,000 ரூபாய் | 9,000–15,000 ரூபாய் | 15,000–25,000 ரூபாய் |
| தண்ணீர் | பக்கெட்டில் ஊற்றினாலும் ஓடும் | பக்கெட்டில் ஊற்றினாலும் ஓடும் | குழாயில் அழுத்தம் வேண்டும் |
| சோப்புத் தண்ணீரை மறுபடி பயன்படுத்தல் | முடியும் | முடியும் | முடியாது |
| உப்புக் காற்று | தகடு துருப்பிடிக்கும் | பிளாஸ்டிக் உடம்பென்றால் தாங்கும் | எலெக்ட்ரானிக் போர்டும் கனெக்டரும் பாதிக்கப்படலாம் |
| பழுதானால் | தெரு மெக்கானிக் போதும் | வாரண்டி வரை கம்பெனி, பிறகு தெரு மெக்கானிக் | பெரும்பாலும் கம்பெனி ஆள்தான் |
| கூட நிற்க வேண்டுமா | ஆமாம் | ஆமாம் | வேண்டாம் |

## பழையதைச் சரிசெய்து ஓட்டுவது

ட்வின் டப்பின் நல்ல குணம், அதன் வேலை முழுவதும் கண்ணுக்குத் தெரிவதுதான். பின்பக்க ஸ்குரூக்களைக் கழற்றி மூடியை எடுத்தால் இரண்டு மோட்டார், ஒரு பெல்ட், ஒன்றோ இரண்டோ கண்டன்சர், நாலைந்து நிற ஒயர்கள். எலெக்ட்ரானிக் போர்டு எதுவும் இல்லை. பழுதை அதன் அறிகுறியை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

மோட்டார் "உம்ம்" என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நிற்கிறதா? காலித் தொட்டியில் ஒரு மரக்குச்சியால் பல்சேட்டரை (தொட்டியின் அடியில் சுற்றும் தட்டு) லேசாகத் தள்ளிவிடுங்கள். தள்ளிய பக்கமாகவே ஓட ஆரம்பித்தால் பெரும்பாலும் மோட்டார் நன்றாக இருக்கிறது, கண்டன்சர்தான் போயிருக்கிறது. இருநூறு ரூபாய்க்குள் முடியும் வேலை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமலேயே எத்தனையோ நல்ல மோட்டார்களைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். பழைய கண்டன்சரில் எழுதியிருக்கும் மைக்ரோபேரட் எண்ணைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். துவைக்கும் மோட்டாருக்குப் பெரும்பாலும் 10-ஐ ஒட்டியும் டிரையருக்கு 4, 5 என்றும் இருக்கும். கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கி, கண்டன்சரின் மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். பிளக்கை எடுத்த பிறகும் அது ஷாக் அடிக்கும்.

பல்சேட்டர் ஒரே பக்கமாகச் சுற்றி நின்று, மறுபடி அதே பக்கமே சுற்றுகிறதா? டைமருக்குள் இருக்கும் காண்டாக்ட் கரிந்திருக்கும். இந்த டைமர் சாவி கொடுத்த கடிகாரம் மாதிரி ஸ்பிரிங்கில் ஓடுவது. உள்ளே இருக்கும் பல்சக்கரம் மோட்டாருக்கு மாறி மாறித் திசை கொடுக்கிறது. புது டைமர் எளிதில் கிடைக்கும். வாங்கும்போது தண்டின் நீளத்தையும் தலையின் வடிவத்தையும் பாருங்கள், இல்லையென்றால் பழைய திருகு குமிழ் அதில் உட்காராது.

டிரையர் மெதுவாகச் சுற்றினால் முதலில் பிரேக்கைப் பாருங்கள். மூடியைத் திறந்தால் டிரையர் உடனே நிற்பதற்காக ஒரு மெல்லிய ஒயர் கீழே பிரேக் ஷூவைப் பிடித்திருக்கும். அந்த ஒயர் இழுபட்டுத் தளர்ந்தால் ஷூ எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், மோட்டார் சூடாகும், அடியில் கறுப்புத் தூள் கொட்டியிருக்கும். ஒயரை இழுத்துக் கட்டினால் சரியாகிவிடும். பிரேக் வேலை செய்யாத மெஷினை மட்டும் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். நிமிடத்துக்கு 1,300 சுற்றுக்குப் பக்கமாகச் சுழலும் கூடைக்குள் குழந்தையின் கை போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் மறைமுகச் செலவு ஒளிந்திருக்கிறது. டிரையர் மோட்டார் எரிவதற்கு மிகச் சாதாரணமான காரணம், அதற்கு மேலே இருக்கும் ரப்பர் சீல் தேய்வது. சோப்புத் தண்ணீர் தண்டு வழியாகச் சொட்டுச் சொட்டாக மோட்டார் தலையில் விழும். டார்ச் அடித்துப் பார்த்தால் மோட்டாரின் மேல் வெள்ளைக் கோடாக உப்பும் சோப்பும் காய்ந்திருக்கும். பலரும் மோட்டாரை மாற்றிவிட்டுப் பழைய சீலையே திரும்பப் போட்டுவிடுகிறார்கள். நூற்றைம்பது ரூபாய் சீலை மாற்றாததால், ஒரு வருஷம் கழித்து மறுபடி மோட்டார் செலவு. மெக்கானிக் மோட்டாருக்கு விலை சொல்லும்போதே "சீலும் புதுசுதானே அண்ணே?" என்று கேட்டு விடுங்கள்.

மோட்டார் நிஜமாகவே எரிந்திருந்தால், புதுசு போடுவதா, காயில் கட்டுவதா (பழைய மோட்டாரிலேயே கம்பியைப் புதுசாகச் சுற்றுவதா)? தண்டும் அதைத் தாங்கும் புஷ்ஷும் தேயாமல் இருந்தால் நான் காயில் கட்டவே சொல்வேன். பழைய மோட்டார்கள் பெரும்பாலும் செம்புச் சுற்று. இப்போது மலிவாக வருவதில் பல, அலுமினியம். பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் இரண்டையும் கையில் தூக்கிப் பாருங்கள், கனத்திலேயே வித்தியாசம் தெரியும். போர் மோட்டாருக்கும் ஃபேனுக்கும் காயில் கட்டும் கடைகளிலேயே இதையும் கட்டிக் கொடுப்பார்கள். செலவு புது மோட்டாருக்கு அதிகம் கீழே வராது, ஆனால் நின்று உழைக்கும்.

தொட்டி, மூடி, அடித்தகடு மூன்றும் நன்றாக இருக்கும் வீட்டில் இதுதான் சரியான வழி. பேன்ட், வேட்டி, பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை என்று தனித்தனியாகப் போட்டு, ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளை, பிறகு நிறத் துணி, கடைசியில் கால்மிதி என்று துவைத்துப் பழகியவர்களுக்கு வேறு எந்த மெஷினும் திருப்தி தராது. சொட்டுநீலம் போடவும், நடுவில் ஒரு துணியை எடுத்துக் காலரைத் தேய்த்துத் திரும்பப் போடவும் இதில்தான் சுலபம்.

ஒரே நிபந்தனை, எர்த். தகடு உடம்புள்ள பழைய மெஷினை ஈரத்தரையில் வைத்து இரண்டு பின் பிளக்கில் ஓட்டுவது ஆபத்து. மூன்று பின் பிளக், நிஜமாகவே வேலை செய்யும் எர்த், வீட்டு மெயின் போர்டில் மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மூன்றும் இல்லாமல் ஓட்டாதீர்கள். இந்தச் செலவையும் ரிப்பேர் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## புது செமி ஆட்டோமேட்டிக் வாங்குவது

உள்ளே இருப்பது அதே பழைய அமைப்புதான். மாறியது உடம்பு. பிளாஸ்டிக் அடியும் பிளாஸ்டிக் உடம்புமாக வருவதால் கடலோர வீடுகளுக்கு இது பெரிய நிம்மதி. தொட்டியும் பெரிது: பழைய மெஷின்கள் மூன்று, நாலு, ஐந்து கிலோ என்று இருந்தன, இப்போது ஏழு, எட்டு கிலோ சாதாரணம்.

வாரண்டி அட்டையை மட்டும் கடையிலேயே நின்று படியுங்கள். மோட்டாருக்கு ஐந்து வருஷம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள் அதில் வருமா என்பது சின்ன எழுத்தில் இருக்கும், பெரும்பாலும் வராது. மோட்டார் எங்கும் கிடைப்பது, மூடி எங்கும் கிடைக்காதது என்று முன்னால் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

பழைய தொட்டி விரிசல் விட்டுவிட்டது, டேங்க் வசதி இல்லை, வாடகை வீடு என்பதால் குழாய் வேலை செய்ய முடியாது என்றால் தயங்காமல் இதற்குப் போங்கள். எக்ஸ்சேஞ்ச் விலையை மட்டும் தனியாகக் கேளுங்கள். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்கினால் என்ன விலை என்று முதலில் பேசி முடித்துவிட்டு, அப்புறம் பழையதைப் பற்றிப் பேச்சை எடுங்கள். பழைய மெஷினுக்கு அவர்கள் உண்மையில் என்ன தருகிறார்கள் என்று அப்போதுதான் தெரியும்.

## ஃபுல்லி ஆட்டோமேட்டிக்குக்கு மாறுவது

வீட்டில் துவைப்பவருக்கு முதுகுவலி, முழங்கால்வலி இருக்கிறது, அல்லது இருவரும் வேலைக்குப் போகிறார்கள் என்றால், பழைய மெஷின் மீது எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் இதைத்தான் சொல்வேன். பொத்தானை அமுக்கிவிட்டு வேறு வேலைக்குப் போகலாம்.

ஆனால் வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். பல கம்பெனிகள் குறைந்தது 0.3 பார் அழுத்தம் கேட்கின்றன. அதாவது மெஷினின் குழாய் வாய்க்கு மேல் சுமார் மூன்று மீட்டர் உயரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். ஒற்றை மாடி வீட்டில் மொட்டைமாடித் தரையிலேயே டேங்க் வைத்திருந்தால், மெஷினின் உயரத்தைக் கழித்த பிறகு இரண்டரை மீட்டர்தான் மிஞ்சும். மெஷின் தண்ணீர் நிரம்பக் காத்துக்கொண்டே இருந்து கடைசியில் எரர் காட்டி நின்றுவிடும். அந்தக் குழாயில் பத்து லிட்டர் பக்கெட் நிரம்ப இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனால், டேங்குக்கு மேடை கட்டவோ பிரஷர் பம்ப் வைக்கவோ தயாராகுங்கள். மெஷின் விலையோடு அதையும் கூட்டினால்தான் உண்மையான விலை.

இரண்டாவது, உப்புத் தண்ணீர். கடற்கரையோர போர்களில் தண்ணீர் கடினமாக இருக்கும். இன்லெட் ஃபில்டரில் படிவு சேரும், சோப்பு நுரைக்காது, கூடைக்குப் பின்னால் வெள்ளையாகப் பொருக்கு கட்டும். மூன்றாவது, போர்டு. வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருக்களிலும், மழைக்காலத்து ஈரத்திலும் முதலில் போவது அதுதான். போர்டு மாற்றும் விலைக்கு ஒரு ட்வின் டப்பை இரண்டு தடவை சரிசெய்துவிடலாம். ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும் மாடல்களும் உண்டு. லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

## சேகரிப்பாக மீட்டு வைப்பது

இது தேவைக்காக எடுக்கும் முடிவு இல்லை, பிரியத்துக்காக எடுப்பது. நான் இதற்கு முழு ஆதரவு. ரேடியோவையும் கிராமபோனையும் பாதுகாக்கிறோம், அம்மாக்களின் கை வலியைக் குறைத்த மெஷினைப் பாதுகாக்க ஆளே இல்லை. பாண்டிக்கு இதில் தனி உரிமையும் உண்டு. டிவிஎஸ்ஸும் அமெரிக்காவின் வேர்ல்பூலும் 1980களின் கடைசியில் கூட்டாகத் தொடங்கிய வாஷிங் மெஷின் தொழிற்சாலை புதுச்சேரித் திருபுவனையில்தான் வந்தது. அந்த டிவிஎஸ் வேர்ல்பூல் பெயர்ப் பலகை ஒட்டிய மெஷின் எங்கேயாவது கிடைத்தால், ஓடாவிட்டாலும் விடாதீர்கள்.

பாண்டி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முழு மெஷின் கிடைப்பது அபூர்வம், ஆனால் திருகு குமிழ்கள், மோட்டார்கள் கண்ணில் படும். முழு மெஷினுக்குப் பழைய இரும்புக் கடைகளில் சொல்லி வைப்பதே வழி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா குடும்பங்களிலும், சிங்கப்பூர், வளைகுடா போய் வந்தவர்கள் வீட்டு மாடியிலும் வெளிநாட்டு மெஷின்கள் முடங்கிக் கிடப்பதுண்டு. பிரிட்டனில் ட்வின் டப் என்றாலே பலருக்கு ஹூவர்மேட்டிக்தான், வேல்ஸில் மெர்தர் டிட்ஃபில் நகரத்துத் தொழிற்சாலையில் செய்தது. அப்படி ஒன்று இங்கே கிடைத்தால் அதிர்ஷ்டம்.

வெளிநாட்டு மெஷினைப் பிளக்கில் செருகும் முன் பின்னால் இருக்கும் விவரத் தகட்டைப் படியுங்கள். ஐரோப்பா, சிங்கப்பூர் மெஷின்கள் 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம் மின்சாரத்தில் ஓடும். சவூதியிலிருந்து வந்த பழைய மெஷினில் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கலாம். வோல்டேஜை மட்டும் டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கினால் போதாது. 60 ஹெர்ட்ஸ் மோட்டார் 50-ல் மெதுவாகச் சுற்றும், அதே வோல்டேஜில் கூடுதலாகச் சூடாகும். வோல்டேஜையும் அதே விகிதத்தில், சுமார் 106 வரை, குறைக்க வேண்டும். 1980களுக்கு முந்தைய வெளிநாட்டுக் கண்டன்சரில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கக்கூடும். அதை உடைத்துப் பார்க்காமல் அப்படியே எடுத்துத் தனியாக வைத்துவிட்டுப் புதுசு போடுங்கள். ரப்பர் ஒயர்கள் கையில் உதிர்ந்தால் எல்லா ஒயரையும் மாற்றுங்கள். தோற்றம் பழசாக இருக்கட்டும், மின்சாரப் பகுதி புதுசாக இருக்கட்டும்.

தினசரி மெஷினில் டைமர் போனால் புதுசு போடலாம். சேகரிப்பில் பழைய டைமரைத் திறந்து, காண்டாக்ட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மறுபடி ஓட வைக்கவே முயல வேண்டும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் வெறும் தகடு தெரியும்வரை சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பிறகு எனாமல். துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்காலம் வரைகூடத் தாங்காது. அதே மாடலில் உடைந்த மெஷின் ஒன்று கிடைத்தால் பாகங்களுக்காக அதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் பெரிய மறைமுகச் செலவு இடம். ஒவ்வொன்றும் இரண்டரை அடி அகலம், தரையைத் தொடாமல் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், மாதம் ஒரு தடவையாவது தண்ணீர் விட்டு ஓட்ட வேண்டும். ஓட்டாமல் விட்டால் சீல் காய்ந்து வெடிக்கும். திரும்ப விற்று லாபம் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இறங்காதீர்கள், இங்கே அதற்குச் சந்தை இல்லை.

## வெள்ளத்தில் நனைந்த மெஷின்

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலிலும், அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளத்திலும் பாண்டி, கடலூர் வீடுகளில் எத்தனையோ மெஷின்கள் மூழ்கின. ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கில் போர்டு நனைந்தால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். ட்வின் டப்பைக் காப்பாற்ற முடியும், ஓடுகிறதா என்று அவசரப்பட்டுப் பிளக்கில் செருகாமல் இருந்தால். பின்மூடியைக் கழற்றி, சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, மோட்டார்களைத் தனியே எடுத்துப் பல நாள் வெயிலில் காய வையுங்கள். பிறகு காயில் கட்டும் கடையில் மெக்கரால் (மின்கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. கண்டன்சரைப் புதுசாகவே போட்டுவிடுங்கள்.

## எடைக்குப் போடுவதாக முடிவானால்

சரி, எல்லாம் பார்த்தும் பழையது தேறவில்லை என்றால், கடைக்காரர் செம்புக்காக உடைக்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். டிரையர் மூடி, மேல் பேனல், திருகு குமிழ்கள், பல்சேட்டர், பெயர்ப் பலகை இவற்றை உடையாமல் கழற்றி, மாடல் எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து வையுங்கள். எடையில் இவற்றுக்குப் பத்து ரூபாய்கூட வராது. அதே மாடலை ஓட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு வீட்டுக்கு, மூடி உடையும் நாளில் வேறு எங்கும் கிடைக்காத பாகம் அது.